பழைய அமெரிக்கப் போர்க்கப்பல்களின் வரைபடத்தைப் படிப்பது எப்படி

பாஸ்டன் துறைமுகத்தில் இன்றும் மிதந்துகொண்டிருக்கும் 'கான்ஸ்டிடியூஷன்' என்னும் பாய்மரப் போர்க்கப்பல் 1797-ஆம் ஆண்டு அக்டோபர் 21 அன்று நீரில் இறக்கப்பட்டது. அந்தக் கப்பலுக்கும் அதன் உடன்பிறப்புகளுக்கும் வரையப்பட்ட பழைய வரைபடங்களின் படிகள் இப்போது யாருக்கும் எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பார்ப்பவர்களில் ஒரு சாரார், அது ஓர் அழகான பழைய ஓவியம் என்று எண்ணிக் கடந்துபோகிறார்கள். இன்னொரு சாரார், கப்பலைப் பற்றிய எல்லாமே அந்தத் தாளில் இருக்கிறது, அதைக் கையில் கொடுத்தால் அதே கப்பலை மறுபடியும் கட்டிவிடலாம் என்று நம்புகிறார்கள். இரண்டுமே தவறு. அந்தத் தாள் ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்கிறது. ஆனால் அதை வியப்பூட்டும் துல்லியத்தோடு சொல்கிறது. அந்தச் செய்தி கப்பலின் உடல் வடிவம்.

கப்பலைப் பற்றி முன்னறிவு ஏதும் இல்லாதவரும் அந்தக் கோடுகளைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். தேவையான சொற்களை ஒவ்வொன்றாக, வரும் இடத்திலேயே விளக்கிக்கொண்டு போகலாம்.

வீட்டு வரைபடத்துக்கும் கப்பல் வரைபடத்துக்கும் என்ன வேறுபாடு?

வீடு கட்டுவதற்கான வரைபடம் நமக்குப் பழக்கமானது. சுவர் நேராக நிற்கும், தரை சமமாக இருக்கும், மூலைகள் செங்கோணமாக இருக்கும். ஆகவே நீளம், அகலம், உயரம் என்று மூன்று எண்களைக் கொடுத்துவிட்டால் ஓர் அறையைக் கொத்தனார் கட்டிவிடுவார். கப்பலின் உடலில் நேரான இடம் என்று பெரும்பாலும் அடிமரம் மட்டுமே உண்டு. படகு கட்டுகிறவர்கள் ஏரா என்று சொல்லும் அந்த நீண்ட அடிக்கட்டையிலிருந்து மேலே கிளம்பும் பக்கங்கள், நீளவாக்கிலும் வளைகின்றன, உயரவாக்கிலும் வளைகின்றன. அந்த வளைவும் இடத்துக்கு இடம் மாறிக்கொண்டே போகிறது. இப்படி ஒரு பரப்பை எண்களால் எப்படிச் சொல்வது? அளவு நாடாவை எங்கே வைப்பது?

இதற்கு விடை நம் அடுக்களையிலேயே இருக்கிறது. ஒரு பப்பாளிப் பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காம்புப் பக்கம் ஒடுங்கி, நடுவில் பருத்து, மறுமுனையில் மீண்டும் குறுகும் பழமாக இருந்தால் நல்லது. அதைக் குறுக்கே ஒரே கனமுள்ள வில்லைகளாக நறுக்கி, ஒவ்வொரு வில்லையையும் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, வரிசை எண்ணும் எழுதுங்கள். வில்லைகளுக்கு இடையேயுள்ள தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பழத்தைக் கண்ணால் பார்க்காத ஒருவர்கூட இந்தத் தாளை வைத்துக்கொண்டு களிமண்ணில் அதே வடிவத்தைப் பிடித்துவிட முடியும். வளைந்த பொருளைத் தாளில் அடக்கும் வழி இதுதான்: அதை நறுக்கி, நறுக்கிய விளிம்புகளை வரைவது.

கப்பலுக்கு இன்னொரு வசதியும் உண்டு. அதன் இடப்பாதியும் வலப்பாதியும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். எனவே பாதியை வரைந்தால் போதும்.

ஒரே உடல், மூன்று வெட்டு

இப்போது ஒரு வரைபடத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். 44 பீரங்கிக் கப்பலுக்காக வில்லியம் டௌட்டி என்ற வரைவாளர் வரைந்த தாள் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்துப் போர்க்கப்பல் வரைபடங்கள் அனைத்துக்கும் ஏறக்குறைய ஒரே அமைப்புதான். தாளில் மூன்று உருவங்கள் இருக்கும்.

மேலே இருப்பது பக்கத் தோற்றம். கப்பலைப் பக்கவாட்டில் நின்று பார்ப்பது போன்ற உருவம். பீரங்கித் துளைகள், சுக்கான், முன்முனையின் வளைவு எல்லாம் இதில் தெரியும். பார்க்க ஓவியம் போலவே இருப்பதால் பலருடைய கண் இங்கேயே நின்றுவிடுகிறது. ஆனால் வடிவத்தைப் பொறுத்தவரை மூன்று உருவங்களில் மிகக் குறைவாகப் பேசுவது இதுவே.

அதற்குக் கீழே, ஒரு வெற்றிலையை நடு நரம்போடு பாதியாகக் கிழித்து வைத்தது போல ஒன்று இருக்கும். இது அரையகலப் படம். கப்பலை நீர்மட்டத்துக்கு இணையாக, பல உயரங்களில் கிடையாக நறுக்கினால் கிடைக்கும் விளிம்புகள் இவை. இவற்றுக்கு நீர்க்கோடுகள் என்று பெயர். கப்பல் அந்தந்த ஆழம் வரை மூழ்கியிருந்தால் நீரின் மேற்பரப்பு எந்தக் கோட்டில் அதன் உடலைத் தொடுமோ அந்தக் கோடு என்று புரிந்துகொண்டால் போதும்.

ஓரத்தில், வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியது போல ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய வளைவுகள் இருக்கும். இது குறுக்குவெட்டுப் படம். பப்பாளி வில்லைகள் இதில்தான் இருக்கின்றன. நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் இருப்பவை கப்பலின் நடுவிலிருந்து முன்முனை வரையுள்ள வில்லைகள்; இடப்பக்கம் இருப்பவை நடுவிலிருந்து பின்முனை வரையுள்ளவை. கப்பலுக்குக் குணம் என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது என்பேன். நடு வில்லையின் அடிப்பாகம் 'வி' வடிவத்தில் கூராக இறங்கினால் அது வேகத்துக்காக வடிக்கப்பட்ட உடல். கிண்ணம் போல அகன்றிருந்தால் சுமை தாங்குவதற்கான உடல். நீர்மட்டத்துக்கு மேலே பக்கங்கள் சற்று உள்நோக்கிச் சாய்வதையும் காணலாம். மேல்தளத்துப் பீரங்கிகளின் எடையைக் கப்பலின் நடுக்கோட்டுக்கு அருகில் கொண்டுவருவதற்கு அந்தச் சாய்வு உதவியது.

ஒரு வெட்டே போதுமானால் மூன்று எதற்கு என்று கேட்கலாம். குறுக்கு வில்லைகள், வில்லைக்கும் வில்லைக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை. அங்கே ஒரு மேடோ பள்ளமோ இருந்தால் வில்லையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் கிடையாக வெட்டிய நீர்க்கோட்டில் அது உடனே ஒரு நெளிவாகத் தெரிந்துவிடும். கப்பலின் உடலிலுள்ள எந்தப் புள்ளியும் மூன்று படங்களிலும் இடம் பெறுகிறது. ஒன்றில் அதன் உயரமும் மற்றொன்றில் அதன் அகலமும் தெரிகின்றன. அந்த அளவுகள் மூன்றிலும் ஒத்துப்போக வேண்டும். வரைவாளர் வளைந்து கொடுக்கும் மெல்லிய மரப் பட்டையைப் புள்ளிகளின் மேல் வளைத்து வைத்துக் கோடு இழுப்பார். பட்டை ஓரிடத்தில் முரண்டு பிடித்தால் அந்தப் புள்ளி தவறு என்று பொருள். ஒரு படத்தில் அதைத் திருத்தினால் மற்ற இரண்டிலும் திருத்த வேண்டும். எல்லாக் கோடுகளும் தடங்கலின்றி ஓடும் வரை இப்படித் திருத்திக்கொண்டே போவதைக் கோடு சீராக்கல் என்று சொல்லலாம். பார்வைக்கு அமைதியாகக் கிடக்கும் அந்தத் தாளின் பின்னால் இருக்கும் உழைப்பில் பெரும்பகுதி இதுதான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கப்பல் வரைபடம் என்பது வளைந்த உடலை மூன்று திசைகளில் நறுக்கிய விளிம்புகளின் தொகுப்பு. மூன்று படங்களும் ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. பக்கத் தோற்றத்தை மட்டும் பார்ப்பவர் கப்பலின் வடிவத்தைப் பார்க்கவில்லை.

தாளிலிருந்து மரத்துக்கு

அக்காலத்தில் பெரிதும் வழங்கிய அளவுவிகிதம் ஓர் அடிக்குக் கால் அங்குலம். அதாவது 48-இல் ஒரு பங்கு. 'கான்ஸ்டிடியூஷன்' 175 அடி நீளத்துக்கு வடிக்கப்பட்டது. இந்த விகிதத்தில் அது தாளில் ஏறத்தாழ 44 அங்குலம் வரும். தாளில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் கப்பலில் 48 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் பிசகும். எனவே தாளிலிருந்து நேராக மரம் அறுக்க எவரும் துணியமாட்டார்.

முதலில் தாளில் உள்ள உயரங்களையும் அரையகலங்களையும் அளந்து ஓர் எண் பட்டியல் தயாரிப்பார்கள். பிறகு தூண் குறுக்கிடாத ஒரு பெரிய மாடித் தரையில், அந்த எண்களைக் கொண்டு கப்பலின் கோடுகளை முழு அளவில் மீண்டும் வரைவார்கள். அங்கே நாற்பத்தெட்டு மடங்கு பெரிதாகிவிட்ட பிழைகள் கண்ணுக்குத் தெரியும்; அவற்றை மறுபடியும் சீராக்குவார்கள். அதன் பின் ஒவ்வொரு விலாச் சட்டத்துக்கும், அதாவது அடிமரத்திலிருந்து எலும்புக்கூட்டின் விலா போல மேலெழும் வளைமரத்துக்கும், மெல்லிய பலகையில் முழு அளவு மாதிரி ஒன்று வெட்டுவார்கள். தையற்காரர் ரவிக்கைக்குத் துணியை வெட்டுமுன் காகிதத்தில் ஒவ்வொரு பாகத்தையும் வெட்டி வைத்துக்கொள்கிறாரே, அதே வேலைதான். காகிதத்துக்குப் பதில் பலகை, துணிக்குப் பதில் மரம்.

இந்த மாதிரிப் பலகைகள் அமெரிக்கக் கப்பல்களின் கதையில் நெடுந்தூரம் பயணம் செய்தன. 'கான்ஸ்டிடியூஷன்' உள்ளிட்ட ஆறு கப்பல்களின் முதன்மை வடிவமைப்பாளர் ஜோஷுவா ஹம்ஃப்ரீஸ் இருந்தது பிலடெல்பியாவில். கப்பல்களோ ஆறு வெவ்வேறு ஊர்களில் கட்டப்பட்டன. விலாச் சட்டங்களுக்கான லைவ் ஓக் மரம் ஜார்ஜியாவின் கடலோரத் தீவுகளில் நின்றது. எனவே பிலடெல்பியாவில் வெட்டிய மாதிரிப் பலகைகள் கப்பல் கட்டும் தளங்களுக்கும் போயின, காட்டுக்கும் போயின. மரவெட்டிகள் அந்தப் பலகையைக் கிளைமேல் பொருத்திப் பார்த்து, வளைவு ஒத்துவரும் கிளையைத் தேடினார்கள்.

இது ஏன் என்பது நம் ஊர்த் தச்சருக்கு உடனே புரியும். மரக்கலப்பை செய்பவர் நேரான பலகையை வளைவாக அறுப்பதில்லை. இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கருவேலங்கிளையைத் தேடி எடுப்பார். நேர்மரத்தை வளைவாக அறுத்தால் மரத்தின் நார் அறுபட்டு, அந்த இடத்தில் பிளந்துவிடும். வளைந்தே வளர்ந்த கிளையில் நாரும் வளைவோடு சேர்ந்தே ஓடும். லைவ் ஓக் அகலப் படர்ந்து, கிளைகளை வளைத்து வளைத்து வளரும் மரம். பச்சையாக இருக்கும்போது ஒரு கன அடி ஏறத்தாழ 75 பவுண்டு எடை இருக்கும். நீரில் போட்டால் மூழ்கும். அதை வெட்டப் போன வடக்கத்தியத் தொழிலாளர்கள் செயின்ட் சைமன்ஸ் தீவின் சதுப்பிலும் மழையிலும் காய்ச்சலில் விழுந்தார்கள், மரம் வந்து சேரத் தாமதமானது, கப்பல்களும் தாமதமாயின. வரைபடத்தில் ஒரு மெல்லிய வளைவாகத் தெரியும் கோடு ஒவ்வொன்றும் இப்படி யாரோ ஒருவர் காட்டில் தேடிக் கண்டெடுத்த கிளை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அந்தத் தாளைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

1794-இல் வடிவமைப்பாளருக்கு என்ன தேவைப்பட்டது?

வடிவத்தைப் படிக்கத் தெரிந்தபின், அந்த வடிவம் ஏன் வந்தது என்று கேட்கலாம். விடுதலைப் போருக்குப் பின் அமெரிக்கா தன் கடற்படையையே கலைத்துவிட்டது. கடைசிக் கப்பலான 'அலையன்ஸ்' 1785-இல் விற்கப்பட்டது. 1793-இல் வட ஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸ் நாட்டுக் கடற்கொள்ளையர் அமெரிக்க வணிகக் கப்பல்களைப் பிடித்து மாலுமிகளைச் சிறைவைத்தபோது, அவர்களைத் தடுக்க ஒரு போர்க்கப்பல்கூட இல்லை. 1794 மார்ச் 27 அன்று அதிபர் வாஷிங்டன் கையொப்பமிட்ட சட்டம் ஆறு ஃபிரிகேட்டுகளைக் கட்ட வழிசெய்தது. நான்கு 44 பீரங்கிகளுக்கும் இரண்டு 36 பீரங்கிகளுக்கும். ஃபிரிகேட் என்பது முதன்மைப் பீரங்கிகளை ஒரே தளத்தில் தாங்கும், வேகமும் வலிமையும் கலந்த போர்க்கப்பல்.

சட்டம் வருவதற்கு ஓராண்டுக்கு முன்பே, 1793 ஜனவரியில் செனட்டர் ராபர்ட் மோரிஸுக்கு எழுதிய கடிதத்தில் ஹம்ஃப்ரீஸ் தன் எண்ணத்தைத் தெளிவாக வைத்துவிட்டார். எண்ணிக்கையில் ஐரோப்பியக் கடற்படைகளை நாம் நெருங்கவே முடியாது. ஆகவே நம் கப்பல் ஒவ்வொன்றும் அதன் வகையில் எதிரியின் கப்பலைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். எந்த ஃபிரிகேட்டையும் வெல்ல வேண்டும், வெல்ல முடியாத பெரிய கப்பலைக் கண்டால் விலகி ஓடவும் முடிய வேண்டும். அக்காலத்து பிரிட்டிஷ் 38 பீரங்கி ஃபிரிகேட் ஏறத்தாழ 150 அடி நீளம். அதன் முதன்மைத் தளத்தில் 18 பவுண்டு குண்டு எறியும் பீரங்கிகள் 28. ஹம்ஃப்ரீஸ் வடித்த கப்பல் 175 அடி நீளம், 43 அடி 6 அங்குல அகலம்; முதன்மைத் தளத்தில் 24 பவுண்டு பீரங்கிகள் 30.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். 44 என்பது கப்பலின் தரத்தைக் குறிக்கும் எண். உண்மையில் ஏற்றப்பட்ட பீரங்கிகளின் எண்ணிக்கை அல்ல. மேல்தளத்துக் குறும்பீரங்கிகளையும் சேர்த்தால் இக்கப்பல்கள் ஐம்பதுக்கும் மேற்பட்ட பீரங்கிகளைச் சுமந்தன.

காவடித் தண்டும் கப்பலும்

நீளம் கூடினால் ஒரு கேடும் கூடவே வருகிறது. தோளில் காவடி தூக்கிச் செல்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். தண்டின் நடுப்பகுதி தோளில் தாங்கப்பட்டிருக்கிறது. இரு முனைகளிலும் குடங்கள் தொங்குகின்றன. முனைகள் தாழ்கின்றன, தண்டு நடுவில் உயர்ந்து வில்லாக வளைகிறது. தண்டு நீளமாக ஆக வளைவும் அதிகமாகும்.

மரக்கப்பலுக்கும் இதுவே நேர்கிறது. குறுக்குவெட்டுப் படத்தை மறுபடி பாருங்கள். நடு வில்லைகள் பெரியவை. அவை நிறைய நீரை விலக்குவதால் நீர் அவற்றை வலுவாக மேலே தூக்குகிறது. முன்முனை, பின்முனை வில்லைகள் கூர்மையானவை, சிறியவை. அவற்றுக்குக் கிடைக்கும் தாங்கல் குறைவு. ஆனால் பீரங்கிகளும் நங்கூரங்களும் அந்த முனைகளிலும் இருக்கின்றன. தோள் இருக்கும் இடத்தில் நீர், குடம் இருக்கும் இடத்தில் பீரங்கி. ஆண்டுகள் செல்லச் செல்ல அடிமரம் நடுவில் மேல்நோக்கி வளைகிறது. இதை முதுகு வளைதல் என்று இக்கட்டுரையில் சொல்வோம். வேகத்துக்காக முனைகளைக் கூராக்கும் வடிவமைப்பாளர், அதே கோட்டால் கப்பலின் முதுகையும் பலவீனமாக்குகிறார்.

ஹம்ஃப்ரீஸ் இதற்குத் தந்த மருந்து மூலைவிட்டத் தாங்கிகள். மரச்சட்டங்களை நாற்கோணமாக அடித்துச் செய்த ஒரு படல்கதவு நாளடைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து தரையைத் தேய்க்கத் தொடங்கும். அதில் மூலைக்கு மூலை ஒரு சட்டம் அறைந்துவிட்டால் சாய்வது நின்றுவிடும். நாற்கோணம் எளிதில் சாயும், முக்கோணம் சாயாது. கப்பலின் உட்புறத்தில் அடிமரத்தின் அருகிலிருந்து தளங்களை நோக்கிச் சாய்வாக வளைந்தேறும் கனமான மரங்களை அவர் இதே நோக்கத்தோடு அமைத்தார். மேல்தளங்களின் எடை அவற்றின் வழியாக அடிமரத்துக்கு இறங்கி, முனைகள் தொங்குவதைத் தடுக்க வேண்டும் என்பது திட்டம். பிரிட்டனில் ராபர்ட் செப்பிங்ஸ் மூலைவிட்டப் பிணைப்பைப் பரவலாக்கியது 1810-களில்தான்.

இத்தாங்கிகளின் அருமை இரு நூற்றாண்டு கழித்துத் தெரிந்தது. 'கான்ஸ்டிடியூஷன்' கப்பலின் நெடிய வாழ்நாளில் நடந்த பழுதுபார்ப்புகளுக்கிடையே தாங்கிகள் அகற்றப்பட்டிருந்தன. 1992-இல் உலர்துறையில், அதாவது நீரை வெளியேற்றிவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் துறையில், ஏற்றியபோது அதன் அடிமரம் ஓரடிக்கும் மேல் முதுகு வளைந்திருந்தது. மெதுவாக அந்த வளைவைத் தளர்த்தி, ஹம்ஃப்ரீஸின் எழுத்துக் குறிப்பின்படி தாங்கிகளை மீண்டும் பொருத்தினார்கள். 1997 ஜூலை 21 அன்று, 116 ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக, அது தன் பாய்களாலேயே கடலில் ஓடியது.

சுருக்கமாக: பெரிய பீரங்கிகள் நீண்ட கப்பலைக் கேட்டன, நீண்ட கப்பல் முதுகு வளையும் ஆபத்தைக் கொண்டுவந்தது, அந்த ஆபத்து மூலைவிட்டத் தாங்கிகளைக் கேட்டது. வடிவமும் கட்டுமானமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்தவை.

வரைபடத்தில் இல்லாதவை

மூலைவிட்டத் தாங்கிகள் எழுத்துக் குறிப்பில் இருந்தன என்று சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். வரைபடம் எல்லாவற்றையும் சொல்கிறது என்ற நம்பிக்கை உடையும் இடம் இதுவே. அந்தக் கோடுகள் பெரும்பாலும் விலாச் சட்டங்களின் வெளிவிளிம்பைக் குறிப்பவை. அதன்மேல் அறையப்படும் வெளிப்பலகைகூட அவற்றில் அடங்காது. சட்டம் எவ்வளவு கனம், சட்டங்களுக்கிடையே எவ்வளவு இடைவெளி, எந்த மரம், எந்த ஆணி என்பவை எல்லாம் தனியான எழுத்துக் குறிப்புகளிலும் கடிதங்களிலும் தச்சர்களின் கைப்பழக்கத்திலும் இருந்தன.

'இரும்புப் பக்கங்கள்' என்று இந்தக் கப்பலுக்குப் புகழ் தேடித்தந்தது இப்படித் தாளில் தெரியாத ஒன்றுதான். வெளியே வெள்ளை ஓக் பலகை, நடுவே நெருக்கமாக நின்ற லைவ் ஓக் சட்டங்கள், உள்ளே மீண்டும் வெள்ளை ஓக்; மொத்தம் ஏறத்தாழ 21 அங்குலக் கனம். 1812 ஆகஸ்ட் 19 அன்று 'கெரியே' என்ற பிரிட்டிஷ் ஃபிரிகேட்டின் குண்டுகள் அதன்மேல் பட்டுத் தெறித்ததைக் கண்ட மாலுமிகள் அப்படிக் கூவினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. இரும்புக் கவசம் ஏதும் அதில் இல்லை.

ஒரே வரைபடத்தால் ஒரே மாதிரிக் கப்பல் வரும் என்பதும் சரியல்ல. 'யுனைடெட் ஸ்டேட்ஸ்', 'கான்ஸ்டிடியூஷன்', 'பிரெசிடென்ட்' மூன்றும் ஒரே வடிவமைப்பின் பிள்ளைகள். ஆனால் 'பிரெசிடென்ட்' அவற்றில் மிக வேகமானது என்று பெயரெடுத்தது. 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' கப்பலுக்கோ அதன் மாலுமிகள் பழைய வண்டி என்று பெயர் வைத்தார்கள். கட்டியவரின் கை, மரத்தின் எடை, பாய்மரங்களின் நிலை, சுமை ஏற்றும் முறை எல்லாமே ஓட்டத்தைத் தீர்மானித்தன.

வரைபடத்தையே மாற்றியவரும் உண்டு. ஹம்ஃப்ரீஸிடம் வரைவாளராகச் சேர்ந்த ஜோசையா ஃபாக்ஸ், இங்கிலாந்தின் பிளிமத் கப்பல் தளத்தில் பயின்று வந்தவர். ஹம்ஃப்ரீஸின் கப்பல்கள் அளவுக்கு மீறிப் பெரியவை என்று அவர் கருதினார். 44 பீரங்கிகளுக்கென்று திட்டமிடப்பட்ட 'செசபீக்' கப்பலைக் கட்டும் பொறுப்பு அவரிடம் வந்தபோது, மரத்தட்டுப்பாடும் இருந்த நிலையில், தன் சொந்த வடிவமைப்பின்படி ஏறத்தாழ 153 அடி நீளத்துக்குச் சுருக்கிவிட்டார். ஆறு கப்பல்களையும் வடித்த பெருமை யாருக்கு என்ற தகராறு அவர்கள் இருவர் வாழ்நாளிலேயே தொடங்கி, பின்னாளில் வரலாற்றாசிரியர்களிடமும் தொடர்ந்தது. என் கருத்தில், பெரிய கப்பல் என்ற துணிச்சலான எண்ணம் ஹம்ஃப்ரீஸுடையது. அந்த எண்ணம் தெளிவான கோடாக மாறியதில் ஃபாக்ஸுக்கும் டௌட்டிக்கும் பங்கு உண்டு. ஒருவர் பெயரை மட்டும் எழுதுவது நியாயமாகாது.

எதிரி வரைந்து வைத்த படங்கள்

ஆகவே ஒரு வரைபடத்தைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது கட்டுவதற்கு முன் வரைந்ததா, கட்டிய பின் அளந்து வரைந்ததா? முன்னது வடிவமைப்பாளரின் விருப்பத்தைச் சொல்கிறது. பின்னது உண்மையில் நீரில் மிதந்த கப்பலைச் சொல்கிறது.

அமெரிக்கக் கப்பல்களில் பின்னதை நமக்குக் காத்துத் தந்தவர்களில் பெரும்பங்கு பிரிட்டிஷ்காரர்களுடையது. 1775 டிசம்பரில், விடுதலைப் போரை நடத்திய அமெரிக்கக் குடியேற்றங்களின் பேரவையான கண்ட மாநாடு பதின்மூன்று ஃபிரிகேட்டுகளைக் கட்ட ஆணையிட்டது. சில கடலுக்கே போகாமல் எரிக்கப்பட்டன, சில பிடிபட்டன, 1781 முடிவதற்குள் பதின்மூன்றும் கைவிட்டுப் போயின. பிடிபட்ட கப்பலைப் பிரிட்டிஷ் கடற்படை தன் தளத்தில் ஏற்றி, உடலின் அளவுகளை எடுத்து, முறைப்படி வரைந்து வைக்கும். 'ஹான்காக்', 'ராலி', 'வர்ஜீனியா' ஆகியவற்றின் வடிவத்தை நாம் இன்று அறிவது கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ள அத்தகைய தாள்களால்தான். 1815 ஜனவரியில் பிடிபட்ட 'பிரெசிடென்ட்' கப்பலையும் அப்படியே அளந்தார்கள். 1818-இல் அதை உடைத்தபின் அதே கோடுகளின்படி தங்களுக்கென்று ஒரு 'பிரெசிடென்ட்' கட்டி 1829-இல் நீரில் இறக்கினார்கள். தோற்றவரின் கப்பலை வென்றவர் இவ்வளவு கவனமாகப் படித்தார் என்பது வடிவமைப்பாளருக்குக் கிடைத்த பெரிய மரியாதை என்றே எனக்குப் படுகிறது.

இரண்டு 'கான்ஸ்டலேஷன்'கள்

வரைபடம் படிக்கத் தெரிவதால் என்ன பயன் என்பதற்கு பால்டிமோரில் ஒரு சான்று இருக்கிறது. ஆறு ஃபிரிகேட்டுகளில் ஒன்றான 'கான்ஸ்டலேஷன்' அதே ஊரில் 1797-இல் கட்டப்பட்டது. 1955 முதல் அங்கே நின்றுகொண்டிருக்கும் அதே பெயருள்ள கப்பல் அதுதான் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆனால் பழைய கப்பல் 164 அடி, நின்றுகொண்டிருப்பது 176 அடி. 1850-களில் நடுவே வெட்டிப் பன்னிரண்டடி சேர்த்து நீட்டினார்கள் என்று ஆதரவாளர்கள் விளக்கம் சொன்னார்கள்.

இப்போது பப்பாளியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நடுவே வெட்டிச் சில வில்லைகளைச் சேர்த்தால் பழம் நீளும். ஆனால் இரு முனைகளின் வில்லைகள் பழையபடியே இருக்க வேண்டும். இரண்டு கப்பல்களின் கோடுகளையும் ஒப்பிட்டால் அப்படி இல்லை. உடலின் வடிவமே வேறு. கப்பல் வரலாற்றாசிரியர் ஹோவர்ட் சப்பெல் இருபதாம் நூற்றாண்டின் நடுவிலேயே இந்த ஐயத்தை எழுப்பினார். 1991-இல் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வாளர்கள் வரைபடங்களையும் ஆவணங்களையும், கட்டுவதற்காகச் செய்யப்பட்ட மர அரைமாதிரியையும் (கப்பலின் பாதி உடலைச் சிறிய அளவில் காட்டும் மரவடிவம்) சேர்த்து ஆராய்ந்து, நிற்பது 1854-இல் புதிதாகக் கட்டப்பட்ட கப்பல் என்று நிறுவினார்கள். பழைய கப்பல்தான் என்பதற்குக் காட்டப்பட்ட ஆவணங்களில் சில போலியானவை என்பதும் வெளிப்பட்டது. இன்று அது 1854-ஆம் ஆண்டுக் கப்பலாகவே பார்வையாளருக்குக் காட்டப்படுகிறது.

கடலில் மூழ்கிய ஒரு கட்டுத் தாள்

தமிழர் ஊர்ப்பெயர் ஒன்றும் இந்தக் கதையில் வருகிறது. 1812 டிசம்பர் 29 அன்று பிரேசில் கடற்கரைக்கு அப்பால் 'கான்ஸ்டிடியூஷன்' வீழ்த்திய 'ஜாவா' என்ற பிரிட்டிஷ் ஃபிரிகேட் பம்பாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. பம்பாயில் வாடியா குடும்பத்துக் கப்பல் தச்சர்கள் தேக்கு மரத்தில் கட்டவிருந்த ஒரு புதிய ஃபிரிகேட்டுக்கான வரைபடங்களும் அதில் இருந்தன. 'ஜாவா' பழுதுபார்க்க முடியாத நிலையில் எரிக்கப்பட்டது, தாள்களும் போயின. வேறு படிகள் இங்கிலாந்திலிருந்து வந்து சேர வேண்டியதாயிற்று. தச்சர்கள் திறமையானவர்கள், தேக்கு கையிலேயே இருந்தது. ஆனாலும் வடிவம் வந்து சேராமல் வேலையைத் தொடங்க முடியவில்லை. அந்தக் கப்பல் 1817 அக்டோபரில்தான் நீரில் இறங்கியது. திருகோணமலையின் பெயரைத் தாங்கிய 'டிரிங்கோமலி' அது. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது.